மஞ்சக்குட்டை ஜீப்பில் மேரிக்கு ஓர் இடம்

கல்லூரிக்குள் நுழைந்ததும் நூலகத்துக்கு முன்னால் ஒரு பச்சைப் பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த எல்லைக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பலகைக்குக் கீழே கல் பெஞ்சுகள், மேலே சில்வர் ஓக் நிழல். ஏற்காட்டில் உட்கார்ந்து அரட்டை அடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரங்குகள் உட்காரும். அவற்றுக்கு விதி பொருந்தாது.

அந்த நூலகத்துக்குப் பின்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கழிவறைச் சுவரை ஒட்டிப் புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை கேன்டீன் வரைக்கும் போகிறது. எந்த கான்டிராக்டரும் அதைப் போடவில்லை. பலகையைத் தாண்டிப் போகப் பயந்தவர்கள் சுற்றிக்கொண்டு நடந்து நடந்து உண்டான பாதை அது. மழையில் சறுக்கும், நாற்றம் வேறு. இருந்தாலும் கூட்டம் குறையாது. இத்தனைக்கும் அதில் முதலில் கால் வைத்தவர்கள் மாணவர்கள் இல்லை. காலை டீக்குக் கிளம்பிய நம் ஆங்கிலத் துறை ஆட்கள்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது என்பதால் இதையெல்லாம் தைரியமாகச் சொல்கிறேன். துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், மாணவர்கள் ஆங்கிலத்தில் வாய் திறக்க ஏன் பயப்படுகிறார்கள் என்று சீக்கிரமே ஒரு கட்டுரை கேட்பார்கள். எழுதுங்கள், பதவி உயர்வுக்கு உதவும். எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கடைசி வருடங்களில் துறைக்குத் தலைவராக இருந்தவர் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மேலே வருவார். பெயர் வேண்டாம், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். அந்தப் பச்சைப் பலகையை வைத்தவரும் அவர்தான். பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டார். வகுப்பில் யாராவது எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தால், "தப்பா இருந்தாலும் பரவால்ல கண்ணு, தைரியமாப் பேசு" என்பார். நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். தமிழில்தான் சொல்வார். அவர் ஆங்கிலம் பேசி யாரும் கேட்டதில்லை. தாளைப் பார்த்துப் படிப்பார், அது நன்றாகவே இருக்கும். தாளை விட்டுக் கண்ணை எடுத்தால் ஆங்கிலமும் நின்றுவிடும்.

அவரை மட்டும் சொல்லக்கூடாது. கூட்டத்தில் முதல்வர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிட்டால், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்களைக் கோத்து வைத்திருந்த நாங்கள் எல்லாரும் மேசையைப் பார்ப்போம். ஒருவர் பேனா மூடியைத் தேடுவார். இன்னொருவருக்குச் சரியாக அப்போதுதான் இருமல் வரும். கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போய், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன்தான் இவ்வளவு கூச்சமோ என்று அங்கலாய்ப்போம்.

தலைவர் இந்தக் கூச்சத்தை ஆராய்ச்சி செய்தார். ஆங்கிலம் பேசப் பயமா, எப்போது பயம், ஏன் பயம் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் தயாரித்து இரண்டாம் ஆண்டு வகுப்புக்குக் கொடுத்தார். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில். அதுவும் அகராதி கேட்கிற ஆங்கிலம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் பெஞ்சில் கோகிலா என்ற பெண் போட்ட டிக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் போட்டாள், அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவள் போட்டாள். கடைசி பெஞ்சு வரைக்கும் வகுப்பு மொத்தமும் ஒரே மாதிரி பயந்திருந்தது. முடிவு இவ்வளவு தெளிவாக வந்ததில் தலைவருக்கு ஒரே சந்தோஷம். கிராமத்துச் சூழல், தாய்மொழியின் தாக்கம், படிக்காத பெற்றோர், செல்போன் என்று காரணங்களை எழுதினார். ஊரில் இருக்கிற எல்லாரையும் கூண்டில் ஏற்றியாயிற்று. வாத்தியார் ஒருத்தர்தான் பாக்கி.

அந்தக் கட்டுரையைச் சேலத்தில் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். நானும் போயிருந்தேன். வாசித்து முடித்ததும் ஓர் இளைஞர் எழுந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கேள்வி பாதியில் இருக்கும்போதே தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் வீடு அந்த அரங்கத்துக்குப் பின் தெருவில் இருந்தது.

பயம் போக்குவதற்கு என்று சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரையும் வரவழைத்தோம். காதிலிருந்து வாய்க்கு வளைந்து வரும் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் குதித்தார். எல்லாரும் கண்ணை மூடி, பயத்தைக் கையில் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே எறியுங்கள் என்றார். பிள்ளைகளும் எறிந்தார்கள். வெளியே நல்ல பனிமூட்டம், பயம் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. மறுநாள் முதல் பீரியடுக்கு அது மாணவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது மேரிக்கு வருகிறேன். மஞ்சக்குட்டையிலிருந்து ஒரே ஷேர் ஜீப்பில் வரும் பெண்கள் கூட்டம் ஒன்று எங்கள் வகுப்பில் இருந்தது. வாயாடி கோகிலா அதற்குத் தலைவி. அதே ஜீப்பில் வருகிறவள்தான் சகாயமேரி. அவள் அம்மா ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை செய்தார். மேரி கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், "தெரியாதுங்க" என்பாள், உட்கார்ந்துவிடுவாள். நான் பார்த்த வரைக்கும் இதுதான். "நொம்ப பயந்தாங்கொள்ளிங்க மேடம் அந்தப் புள்ள" என்று தலைவர் என்னிடம் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டில் வெளியூர்த் தேர்வாளர் ஒருவருக்கு அறை எடுக்க வேண்டியிருந்தது. விடுதிகள் எல்லாம் நிரம்பியிருந்ததால், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பங்களாவில் ஹோம்ஸ்டே இருக்கிறதென்று கேள்விப்பட்டு போன் போட்டேன். முதலாளி பெங்களூர்க்காரர் என்று சொன்னதால் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எடுத்தது ஒரு பெண் குரல். அடேயப்பா, என்ன ஒரு ஆங்கிலம். வெந்நீர் எப்போது வரும், நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது, ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போய்விடும், அதனிடம் சண்டைக்குப் போகாதீர்கள் என்று விருந்தாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே பேசியது. எனக்கும் உற்சாகமாகிவிட்டது. நான் இன்ன கல்லூரியில் ஆங்கிலத் துறை, என் பெயர் இன்னது என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க மேடம்... நானுங்க, மேரி" என்றது குரல். ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. "சின்னதுலருந்தே அம்மாவுக்கு ஒத்தாசையா லீவுல இங்க இருப்பேனுங்க, வர்றவங்ககிட்டப் பேசிப் பேசிப் பழகிருச்சு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க மேடம். சாருகிட்ட சொல்லவே சொல்லிராதீங்க."

ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி கெஞ்சினாள். மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். "வேண்டாமுங்க மேடம்" என்பதைத் தவிர ஒன்றும் பெயரவில்லை. அடக்கம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் பேசாமல் இருந்தால் நாம் வைத்துக்கொள்ளும் காரணங்களில் அதுதான் நமக்கு வசதியானது.

அந்த வருடக் கடைசியில் ஏற்காட்டில் இருக்கிற ஒரு பெரிய ரிசார்ட்காரர்கள் ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வருவதாகச் சொன்னார்கள். ரிசப்ஷனில் ஒரே ஓர் இடம். மேரியும் பெயர் கொடுத்திருந்தாள். கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"இது கெடைச்சா அம்மாகூட ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க மேடம். இல்லீன்னா பரிச்சை முடிஞ்சதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிருவாங்க. அக்கா அங்க ஹாஸ்டல்லதான் இருக்கா. அம்மாவுக்கு மூச்சு எளைக்குதுங்க, தனியா விட்டுட்டுப் போக முடியாதுங்க."

"அப்பறம் என்ன கண்ணு, போன்ல பேசின மாதிரி பேசு, உன்னை விட்டா யாரு இருக்காங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை.

தேர்வு நடந்த அன்று ரிசார்ட்டிலிருந்து வந்த மேலாளர் அம்மா, பெயர் கொடுத்தவர்களைக் குழு குழுவாக மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பேசச் சொன்னார். மேரி இருந்த குழுவில் கோகிலாவும் ஜீப்பில் வரும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். ஏற்காட்டுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு என்ன தேவை என்பது தலைப்பு. கோகிலா மனப்பாடம் செய்து வந்திருந்த சுய அறிமுகத்தைத் தலைப்பு கேட்காமலே ஒப்பித்து முடித்தாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மேரி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தலைவர் உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தப்பா இருந்தாலும் பரவால்ல கண்ணு, தைரியமாப் பேசு" என்றார். அவள் தலை இன்னும் கீழே போயிற்று.

மேலாளர் தன் தாளில் ஏதோ கோடு இழுத்தார். டீ குடித்துவிட்டு வந்து இந்தக் குழுவை இன்னொரு தரம் கொஞ்ச நேரம் பார்ப்பதாகவும், பிறகு முடிவைச் சொல்லிவிட்டுக் கிளம்புவதாகவும் சொன்னார்.

அந்த டீ நேரம்தான் எனக்குக் கிடைத்த அவகாசம். நேரே மேலாளரிடம் போய், இந்தப் பெண் பிரமாதமாகப் பேசுவாள், நான் போனில் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். ஆனால் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கெஞ்சியது காதிலேயே நின்றது. மேரியிடம் போய்த் தைரியம் சொல்லலாம் என்றால், தைரியம் சொல்லிச் சொல்லித்தான் அவள் தலை அந்த அளவுக்குத் தொங்கியிருந்தது. கடைசியில் நான் மேரியை விட்டுவிட்டு கோகிலாவைத் தேடிப் போனேன். அவள் எங்கே இருப்பாள் என்று தேட வேண்டியதே இல்லை. நூலகத்துக்குப் பின்னால், அந்தப் புல் பாதையில், டீ கிளாசோடு தோழிகளும் அவளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மேரி ஏன் கோகிலா பேச மாட்டேங்கறா?"

"அவளுக்குப் பயமுங்க மேடம்."

"போன்ல என்கிட்ட அந்தப் போடு போட்டா. என்ன பயம்?" ஒரே ஜீப்பில் வருகிறவர்களுக்கு இது ரகசியமாக இருக்காது என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டேன்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகிலா கிளாசில் இருந்த டீயைப் புல்லில் ஊற்றினாள்.

"பயமில்லீங்க. எங்களுக்காகத்தான் பேச மாட்டேங்கறா."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"மொத வருசம், காலேஜு தொறந்த புதுசுங்க. சார் எல்லாத்தையும் எந்திரிச்சுத் தன்னப் பத்தி இங்கிலீஸ்ல சொல்லச் சொன்னாரு. நாங்க பேரச் சொல்லிட்டு ஒக்காந்துட்டோம். இவ நல்லாப் பேசிட்டாளுங்க. சிரிச்சுட்டே பேசுனா. சார் கை தட்டுனாரு. தட்டிட்டு எங்க பக்கம் திரும்புனாரு." இங்கே கோகிலா தலைவரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டாள். "'இவளும் மஞ்சக்குட்டைதான, நீங்களும் மஞ்சக்குட்டைதான? ஒரே ஜீப்புலதான வர்றீங்க? உங்க வாயில மட்டும் என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?' அப்பிடின்னாருங்க. பெல் அடிக்கற வரைக்கும் எங்கள நிக்க வெச்சாரு. அவள மட்டும் ஒக்கார வெச்சாரு. அப்பறம் தெனமும் இதேதானுங்க. அவளக் கேப்பாரு, அவ சொல்லுவா, நாங்க நிப்போம்."

"அப்பறம்?"

"ஜீப்புல பீட்டர் மேடத்துக்கு எடம் பத்தாதுன்னு சொல்லிட்டோமுங்க. நாந்தான் சொன்னேன். அத்தன தூரமும் நடந்தே போவா, நடந்தே வருவா. கால்ல கொப்புளம் வந்துருச்சு. ஒரு நாள் சார் கேட்டதுக்கு, தெரியாதுங்க சார்னு சொல்லிட்டு எங்களோட சேந்து நின்னா. அன்னைக்குச் சாயங்காலம் எடம் உட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்தப் பெண்கள் மேல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது அவர்கள் மேல் நிற்கவில்லை. அன்று கை தட்டியதையே மறந்துவிட்டுத்தான் தலைவர் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்ட ஆராய்ச்சியில் ஜீப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. திட்டினால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒருத்தியைப் பாராட்டி, அந்தப் பாராட்டாலேயே மற்றவர்களை அடிக்க முடியும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் அதை நாம் தினமும் செய்கிறோம். நம் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி அடிப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். ஒரு வித்தியாசம், வகுப்பில் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அடி வாங்கினவர்கள் சாயங்காலம் யாரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்?

"இப்ப அவ பேசினா எடம் உடுவீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ சேந்துட்டோமுங்க மேடம். இங்கிலீஸ் பாட்டுக்கெல்லாம் ஜீப்புல அவதான் எங்களுக்கு அர்த்தம் சொல்லுவா. அவ வேலைக்குப் போகட்டுங்க. எனக்குக் கெடைக்காதுன்னு எனக்கே தெரியும்." கோகிலா கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அவளுக்குக் கெடைச்சுதுன்னா சார் மறுக்கா எங்கள நிக்க வெச்சு அவளப் பாருங்கம்பாரு. எல்லாத்துக்கும் முன்னாடி. அதுக்குப் பயந்துதான் அவ வாயே தொறக்கறதில்ல. அத நீங்க நிறுத்துவீங்களா?"

"நிறுத்தறேன்."

"நெசமாலுங்களா?"

"நிறுத்தறேன்னு சொல்றேன்ல கண்ணு."

எப்படி நிறுத்தப் போகிறேன் என்று எனக்குத் துளியும் தெரியாது. அவர் துறைத்தலைவர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஆனால் அந்த இடத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் கோகிலா அப்படியே கேன்டீனுக்குப் போயிருப்பாள்.

இரண்டாவது சுற்றில் மேலாளர் தானே ஒரு விருந்தாளி மாதிரி நடித்தார். பனியில் குழந்தைகளோடு மலையேறி வந்திருக்கிறேன், அறையில் வெந்நீர் இல்லை, என்ன ஹோட்டல் நடத்துகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். பெண்கள் எல்லாரும் எங்களைப் போலவே மேசையைப் பார்த்தார்கள். மேரி மறுபடியும் நகத்துக்குப் போய்விட்டாள்.

கோகிலா அவள் விலாவில் முழங்கையால் இடித்தாள். "பேசு புள்ள" என்றாள், பச்சைத் தமிழில், மேலாளருக்கு முன்னாலேயே. "சார மேடம் பாத்துக்கறாங்களாம். ஜீப்புல இன்னைக்கு முன்சீட்டு உனக்குத்தான்."

மேலாளரின் புருவம் உயர்ந்தது. மேரி கோகிலாவைப் பார்த்தாள், பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு பேசினாள். மன்னிப்புக் கேட்டாள், ஆனால் குழையவில்லை. பனி மூடினால் சோலார் வெந்நீர் வராது, அடுப்பில் போட்டிருக்கிறோம், அதுவரைக்கும் குழந்தைகளுக்குச் சூடாகப் பால் கொண்டு வருகிறேன் என்றாள். பால் பிடிக்காது என்றார் மேலாளர், விடாமல். அப்படியானால் மிளகு ரசம் தருகிறேன், இந்த மலை மிளகு, குடித்தால் குளிக்கவே வேண்டாம் என்றாள் மேரி. மேலாளர் நடிப்பை மறந்து சிரித்துவிட்டார். வாசலில் நின்ற தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அங்கேயே ஆடியிருப்பேன், மூட்டு வலி தடுத்தது.

மதியம் முடிவு சொல்ல எல்லாரையும் நூலகத்துக்கு முன்னால் கூட்டினார்கள். கூட்டம் நிற்க வேறு இடம் இல்லை. யாரும் மிதிக்காத அந்த ஆங்கில எல்லைக்குள், பச்சைப் பலகைக்குக் கீழேயே மைக் வைத்தார்கள். முதல்வர் வந்தார். மேலாளர் மேரியின் பெயரைச் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். மனிதருக்கு உண்மையான ஆனந்தம், கண்ணெல்லாம் மின்னியது.

"மேரி, இங்க வா கண்ணு. மஞ்சக்குட்டைப் புள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து வரிசையா நில்லுங்க. கோகிலா, நீயும் வா" என்று ஆரம்பித்தார்.

மேரியின் முகம் செத்துப்போயிற்று. கோகிலா வரிசைக்குப் போகாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பலகை கண்ணில் பட்டது. நான் நேராகத் தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்று, மைக்கில் விழுகிற மாதிரி, மிக மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னேன். ஐயா, நாம் உங்கள் ஆங்கில எல்லைக்குள் நிற்கிறோம், விதியை வைத்தவரே நீங்கள்தான், விருந்தினர் வேறு வந்திருக்கிறார், மேரியைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னால் எங்களுக்கெல்லாம் பெருமையாக இருக்கும் என்றேன். முதல்வர் தலையாட்டினார். மேலாளர் ஆவலோடு புன்னகைத்தார். கல்லூரி மொத்தமும் தலைவரைப் பார்த்தது.

அவர் கையில் தாள் இல்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், அதிலும் இல்லை. பலகையை ஒரு தரம் பார்த்தார், தான் வைத்த பலகையை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குப்பனூர் வழியாச் சேலம் போற பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மேடம்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். அந்த வேளையில் குப்பனூர் வழியாக எந்த பஸ்ஸும் கிடையாது. அவர் கூட்டத்தைத் தாண்டி, நூலகத்தைச் சுற்றி, கழிவறைச் சுவரோரப் பாதையில் இறங்கிப் போனதை எல்லாரும் பார்த்தோம்.

ஒரு மனிதரை அவருடைய பயத்தைக் கொண்டே விரட்டினேன். இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானும் மேசையைப் பார்த்தவள்தான். ஆனால் ஒருவர் தலை குனிந்தே தீர வேண்டும் என்ற நிலைமையில், அது மேரியாகவோ கோகிலாவாகவோ இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மைக்கில் நான் ஆங்கிலத்தில் சொன்னது ஒரே வரி. மேரி, வாழ்த்துகள் அம்மா, நன்றாக வேலை செய். அவ்வளவுதான். யார் பக்கமும் திரும்பவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். பாராட்டுங்கள், தாராளமாகப் பாராட்டுங்கள், ஆனால் கை தட்டிவிட்டு அடுத்த பெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பாதீர்கள். திருப்பினீர்கள் என்றால் உங்கள் வகுப்பில் பேசத் தெரிந்தவளும் வாயை மூடிக்கொள்வாள். நீங்கள் அதற்குத் தாய்மொழியின் தாக்கம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதுவீர்கள்.

கோகிலாவுக்கு அன்று வேலை கிடைக்கவில்லை. அதில் ஒன்றும் மாயம் நடந்துவிடவில்லை. அன்று மதியம் ஜீப்பில் ஏறும்போது அவள் சொன்னபடி முன்சீட்டை மேரிக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். "நீங்களும் வாங்க மேடம், போற வழியிலதான உங்க ஊடு" என்று எனக்கும் ஒண்டிக்கொள்ள இடம் கொடுத்தாள். "பீட்டர் மேடம், ஜன்னல எறக்கி உடுங்க, காத்து வரட்டும்" என்று முன்சீட்டைப் பார்த்து யாரோ சொன்னார்கள். மேரி ஆங்கிலத்திலேயே ஏதோ திட்டினாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு.

பஸ் நிறுத்தத்தில் தலைவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா, தோளில் பையோடு, வராத பஸ்ஸுக்கு நின்றார். மேரி டிரைவரிடம் சொல்லி ஜீப்பை அவர் அருகில் நிறுத்தினாள். தலையை வெளியே நீட்டி, ஆங்கிலத்தில், ஐயா, எந்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள், வழியில் எங்காவது இறக்கிவிடட்டுமா என்று கேட்டாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் அவரிடம் அவள் பேசிய முதல் ஆங்கிலம் அது. கேலி இல்லை, அக்கறையோடுதான் கேட்டாள்.

தலைவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

பின்சீட்டிலிருந்து கோகிலா எட்டிப் பார்த்தாள்.

"தப்பா இருந்தாலும் பரவால்லீங்க சார்," என்றாள் பணிவாக, "தைரியமாப் பேசுங்க."